சைலன்சர்: என்ஃபீல்டு துப்பாக்கி முதல் திருவொற்றியூர் புல்லட் வரை

சைலன்சர் என்பது, வெடிப்பினால் உண்டாகும் வாயுவின் அழுத்தத்தையும் வேகத்தையும் குறைத்து, அதனால் எழும் சத்தத்தைத் தணிக்கும் கருவி. தமிழில் ஒலிதணிப்பான் என்றும் ஒலியடக்கி என்றும் இது குறிப்பிடப்படுகிறது. சென்னையில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் நீண்டிருக்கும் புகைக்குழாய்தான் நினைவுக்கு வரும். துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தப்படும் கருவிக்கும் அதே பெயர்தான். இது தற்செயலாக அமைந்த பெயர் ஒற்றுமை அன்று. இரண்டும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. திருவொற்றியூரில் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிளின் பெயரிலும் துப்பாக்கியின் உறவு பதிந்திருக்கிறது.

பெயர் சைலன்சர் என்றாலும், முழு அமைதியைத் தரும் சைலன்சர் எதுவும் இல்லை. சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் வேறொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்ற தேர்வே இக்கருவியின் வரலாறு.

கண்டுபிடிப்பு

ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் 1884-ஆம் ஆண்டு வாக்கில் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். மாக்சிம் துப்பாக்கி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பிய வல்லரசுகளின் காலனிப் போர்களில் பெரும் பங்கு வகித்தது. பல ஆண்டுகள் தம் துப்பாக்கிகளின் சத்தத்துக்கு அருகிலேயே இருந்த அவர் பிற்காலத்தில் கேட்கும் திறனைப் பெரிதும் இழந்தார்.

துப்பாக்கிச் சத்தத்தைத் தணிக்கும் கருவியை வணிக அளவில் வெற்றி பெறச் செய்தவர் அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் (1869-1936). அவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடக்ககால மோட்டார் வண்டிகளை வடிவமைத்த பொறியாளர். குளியல் தொட்டியின் துளை வழியே தண்ணீர் சுழன்று சுழன்று மெல்ல வெளியேறுவதைக் கண்டபோது, வாயுவையும் அப்படிச் சுழலவிட்டுத் தாமதப்படுத்தலாம் என்ற எண்ணம் தோன்றியதாக அவர் கூறியிருக்கிறார். அவருடைய துப்பாக்கி சைலன்சருக்கு 1909 மார்ச் 30 அன்று அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதே தத்துவம் எஞ்சின் சைலன்சர்களிலும் பயன்பட்டது. நாளடைவில் அவருடைய நிறுவனம் துப்பாக்கிக் கருவிகளைக் கைவிட்டு, எஞ்சின்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமான சைலன்சர்களில் கவனம் செலுத்தியது.

சத்தம் பிறக்கும் இடங்கள்

துப்பாக்கிச் சத்தம் ஒன்றாகக் கேட்டாலும் அது மூன்று சத்தங்களின் கூட்டு.

முதலாவது, குழலின் வாயிலிருந்து சூடான வாயு ஒரே கணத்தில் வெளியேறுவதால் எழும் வெடிச்சத்தம். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் எழும் ஓசையும் மெல்லத் திறந்தால் எழும் ஓசையும் வேறுபடுவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பல அறைகளாகத் தடுக்கப்பட்ட குழாய்க்குள் வாயுவை விரியவிட்டு, ஆறவிட்டு, மெல்ல வெளியேற்றுவதே சைலன்சரின் வேலை.

இரண்டாவது, குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் சத்தம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு அதைவிட வேகமாகப் பறந்தால், சாட்டையைச் சொடுக்கியது போன்ற ஒலி அதன் வழியெங்கும் எழும். சாட்டையின் நுனியும் ஒலியை மிஞ்சும் வேகத்தில் செல்வதால்தான் சொடுக்கொலி பிறக்கிறது. குண்டு வெளியேறிய பின் எழும் இந்தச் சத்தத்தைக் குழல் முனையில் உள்ள எந்தச் சைலன்சராலும் தடுக்க முடியாது.

மூன்றாவது, துப்பாக்கியின் உலோகப் பாகங்கள் அசைந்து மோதும் சத்தம்.

துப்பாக்கிச் சத்தம் பெரும்பாலும் 140 டெசிபலைத் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடிகூடச் செவியின் உள்நரம்பைச் சேதப்படுத்தலாம். நல்ல சைலன்சர் பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். டெசிபல் கணக்கில் 30 குறைந்தால் ஒலியின் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்போதும் மிஞ்சுவது உரத்த சத்தமே. திரைப்படங்களில் கேட்கும் மெல்லிய ஓசை கற்பனையே.

கார்பைனுக்கு ஏற்ற சைலன்சர்

கார்பைன் என்பது குட்டையான குழலுள்ள தோள்துப்பாக்கி. அவற்றில் ஒரு வகை, கைத்துப்பாக்கிக்குரிய சிறிய தோட்டாவைப் பயன்படுத்துகிறது. காவலர்கள் தோளில் மாட்டியிருப்பதாகச் செய்திகளில் வரும் 9 மி.மீ. கார்பைன் இவ்வகையைச் சேர்ந்தது. ரைஃபிள் தோட்டாவைவிடக் கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து குறைவு, வேகமும் குறைவு. ஆகவே சத்தத்தைத் தணிக்க ஏற்ற ஆயுதமாக இவ்வகைக் கார்பைனைப் படைகள் கருதின. அதற்கு அவை இரு வழிகளைக் கையாண்டன.

முதல் வழி, இயல்பாகவே மெதுவான தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் உலகப் போரின்போது வில்லியம் காட்ஃப்ரே டி லைல் வடிவமைத்த டி லைல் கார்பைன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் இந்தியப் படைகள் பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் அடிப்பாகத்தில், .45 அங்குலக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான குழலும் அதைச் சூழ்ந்த பருத்த சைலன்சரும் பொருத்தப்பட்டன. இந்தத் தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர் என்பதால் சொடுக்கொலிக்கு இடமே இல்லை. கையால் பூட்டை இழுத்து இயக்குவதால், சுடும்போது பாகங்கள் மோதும் சத்தமும் இல்லை. அடுத்த தோட்டாவை ஏற்றும் சத்தமே சுடும் சத்தத்தைவிட உரக்கக் கேட்கும் என்பார்கள். விட்டுக்கொடுத்தது தூரத்தையும் சுடும் விரைவையும். சுமார் 130 டி லைல் கார்பைன்களே தயாராயின. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் வாழ்ந்த மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரநிலைக் காலத்திலும் இது பயன்பட்டது.

இரண்டாம் வழி, வேகமான தோட்டாவைத் துப்பாக்கிக்குள்ளேயே மெதுவாக்குவது. 9 மி.மீ. தோட்டா பொதுவாக ஒலியின் வேகத்தை மிஞ்சுவது. பிரிட்டன் 1953-இல் ஏற்ற ஸ்டெர்லிங் கார்பைனின் சத்தம் தணித்த வகையில், குழலிலேயே சிறு துளைகள் இடப்பட்டன. வாயுவின் ஒரு பகுதி அவற்றின் வழியே சைலன்சருக்குள் கசிந்துவிடுவதால் குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே வந்துவிடும். படையினர் தனித் தோட்டா சுமக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்தது குண்டின் ஆற்றலை. ஜெர்மனியின் எம்பி5 கார்பைனில் 1974-இல் வந்த எஸ்டி வகையும் இதே வழியைப் பின்பற்றியது.

பின்னாளில், கழற்றி மாட்டும் சைலன்சரும் மெதுவான 9 மி.மீ. தோட்டாவும் சேர்ந்த மூன்றாவது வழியும் பரவியது. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. ஆயுதத்தின் நீளமும் எடையும் கூடுவதும், தோட்டாவை மாற்றிப் போட்டால் பயன் பாதி போய்விடுவதும் இதன் குறைகள்.

இந்தியாவில்

ஸ்டெர்லிங் கார்பைன் 1960-களில் இருந்து கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. வழக்கமான வகை 1ஏ1 என்றும், சைலன்சர் உள்ள வகை 2ஏ1 என்றும் பெயர் பெற்றன.

இந்தியாவில் இந்தத் தேர்வு தனிநபருக்கு உரியதன்று. ஆயுதச் சட்டம், 1959-இன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், துப்பாக்கியின் சத்தத்தையோ தீச்சுடரையோ குறைக்கும் துணைக்கருவிகளைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வகையில் சேர்த்துள்ளன. நாடுகளின் பார்வை இதில் மாறுபடுகிறது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் சைலன்சருக்கு 200 டாலர் வரியும் பதிவும் விதித்தது. வடக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில், வேட்டைக்காரரின் காதையும் அக்கம்பக்கத்தாரின் அமைதியையும் காக்கும் கருவியாக அது ஏற்கப்படுகிறது.

என்ஃபீல்டு திருவொற்றியூருக்கு வந்த கதை

லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் பெயர் அவ்வூரிலிருந்து வந்தது. ரெடிட்ச் நகரைச் சேர்ந்த ஒரு மிதிவண்டி நிறுவனம் 1890-களில் அத்தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையால் தன் வண்டிகளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயரிட்டது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பர வாசகம். பீரங்கிப் படம் அதன் சின்னமாயிற்று. 1932-இல் வந்த மோட்டார் சைக்கிளுக்குப் புல்லட் என்று பெயர் அமைந்ததும் இந்த மரபில்தான்.

விடுதலைக்குப் பின் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிட்ச் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வளர்ந்து, வடசென்னையின் மீனவக் கடற்கரையை மோட்டார் தொழிலின் கரையாகவும் மாற்றின. பிரிட்டனில் உற்பத்தி 1970 வாக்கில் நின்றுபோனது. 1977-இல் திருவொற்றியூர் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. பெயர் துப்பாக்கியிலிருந்து வந்தது. பெயரைக் காப்பாற்றியது திருவொற்றியூர்த் தொழிலாளரின் கை.

புல்லட்டின் சைலன்சர்

பழைய புல்லட்டில் 346 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் இருந்தது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவாயு வெடிக்கும். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 900 முறை சுற்றினால், நொடிக்கு ஏழெட்டு வெடிப்பு நிகழும். தனித்தனியாகக் காதில் விழும் அந்த அடிகளே புல்லட்டின் புகழ்பெற்ற தட தட ஓசை. ஒவ்வோர் அடியும் துப்பாக்கியின் வாய்ச்சத்தத்துக்கு நெருங்கிய உறவு.

இங்கும் தேர்வு எழுகிறது. அறைகள் கொண்ட சைலன்சர் வாயுவைத் திருப்பித் திருப்பி விட்டுச் சத்தத்தை நன்கு தணிக்கும். எடை கூடும், வாயு வெளியேறவும் தடை இருக்கும். நேர்க்குழல் சைலன்சரில் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை திணிக்கப்பட்டிருக்கும். எடை குறைவு, சத்தம் அதிகம். கோல்டு ஸ்டார், மெகாஃபோன், இந்தோரி, பஞ்சாப் எனப் பல பெயர்களில் விற்கும் மாற்றுச் சைலன்சர்கள் பெரும்பாலும் சத்தத்துக்காகவே வாங்கப்படுகின்றன. எஞ்சினின் ஆற்றல் கூடும் என்ற நம்பிக்கை பெரிதும் தவறானது. காற்று, பெட்ரோல் அளவுகள் தொழிற்சாலைச் சைலன்சருக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருப்பதால், அதை மட்டும் மாற்றினால் எஞ்சின் சீர்கெடவும் கூடும். இன்றைய வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிப் பாகமும் புகைக்குழாயின் வழியிலேயே இருப்பதால், அது கழன்றால் மாசும் கூடுகிறது.

சட்டமும் செவியும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆம் விதி எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குத் தயாரிப்பு நிலையில் 80 டெசிபல் வரம்பு உண்டு. ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபலும், தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபலும் வரம்பாக வைத்துள்ளன.

இந்த எண்கள் வடசென்னைக்குத் தனிப் பொருள் உடையவை. இங்கே தொழிற்சாலையும் குடியிருப்பும் ஒரே தெருவின் இரு பக்கங்களில் இருக்கின்றன. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் ஓசை எண்ணூர் விரைவுச் சாலையில் இரவிலும் ஓய்வதில்லை. சத்தத்தால் உண்டாகும் செவித்திறன் இழப்பை, தொழிற்சாலைகள் சட்டம், 1948 அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. பகலெல்லாம் பட்டறையில் இரைச்சலைத் தாங்கிய காதுக்கு ஓய்வு கிடைப்பது வீட்டில்தான். சைலன்சர் மாற்றிய ஒரு வண்டி தெருவைக் கடக்கும்போது பறிபோவது அந்த ஓய்வு.

மதிப்பீடு

படைகள் கார்பைனுக்குச் சைலன்சர் தேர்ந்தெடுத்தபோது விலையைத் தெளிவாகக் கணக்கிட்டன. டி லைல் கார்பைனில் தூரமும் விரைவும் குறைந்தன. ஸ்டெர்லிங்கில் ஆற்றல் குறைந்தது. அந்த விலையைத் தேர்ந்தெடுத்தவர்களே கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் நிலைமை வேறு. உரத்த சைலன்சரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர்; விலை கொடுப்பவர்கள் தெருவில் உறங்கும் குழந்தையும், இரவு வேலை முடித்துப் பகலில் கண்ணயரும் தொழிலாளியும், ஸ்டான்லி மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியும். துப்பாக்கி சைலன்சரை வணிக அளவில் வெற்றி பெறச் செய்த மாக்சிம் குடும்பத்தில் தந்தை தம் துப்பாக்கிக்கு விலையாகத் தந்தது தம்முடைய செவியை. பிறர் செவியை விலையாக வைக்கும் தேர்வு தனிமனித விருப்பத்துக்குள் அடங்காது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.