புதுத்தொட்டி நோய்க்குறி: கடல்நீர் மீன்தொட்டிகளின் வரலாறு

புதுத்தொட்டி நோய்க்குறி என்பது, புதிதாக அமைக்கப்பட்ட மீன்தொட்டியில் விடப்படும் மீன்கள் முதல் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோவதைக் குறிக்கும் பெயராகும். பெயரில் நோய் என்று இருப்பினும் இது ஒரு தொற்றுநோய் அன்று. மீன்களின் கழிவே நீரில் நஞ்சாகத் தேங்குவதால் ஏற்படும் இறப்பு இது. நன்னீர்த் தொட்டிகளிலும் இது நிகழும் என்றாலும், கடல்நீர்த் தொட்டிகளில் இழப்பு மிகுதியாக இருக்கும். முதன்முதலாகக் கடல்மீன் வளர்க்கத் தொடங்குவோரே பெரும்பாலும் இதற்கு ஆளாகின்றனர்.

இறப்பின் காரணம்

மீன்கள் தம் உடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக நீரில் வெளியேற்றுகின்றன. உண்ணாமல் எஞ்சிய உணவு அழுகுவதாலும் அம்மோனியா தோன்றும். பரந்த கடலில் இது உடனே கரைந்து பரவிவிடும். சில நூறு லிட்டர் நீர் மட்டுமே கொண்ட தொட்டியில் அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

பழைய தொட்டிகளில் மணலிலும் கற்களிலும் வடிப்பான்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவோடு ஒப்பிட நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. புதுத்தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. சாதாரண பாக்டீரியாக்கள் பல அரை மணி நேரத்திற்குள் இரு மடங்காகப் பெருகும். இவை இரு மடங்காவதற்கு ஏறத்தாழ ஒரு நாள்கூட ஆகலாம். ஆகவே தொட்டி பக்குவமடைய நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படுகின்றன.

கடல்நீரில் ஆபத்து மிகுவதற்கு அதன் காரத்தன்மை ஒரு காரணமாகும். நீரிலுள்ள அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் அயனியாகாத வடிவமே செவுள் வழியாக எளிதில் உடலுக்குள் புகுந்து கொல்லும். பி.எச். மதிப்பு 7 உள்ள நன்னீரில் இவ்வடிவம் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. பி.எச். மதிப்பு 8.2 அளவில் உள்ள வெப்பமண்டலக் கடல்நீரில் இது பல மடங்கு கூடுதல். நீர் பளிங்கு போலத் தெளிவாகத் தோன்றும்போதே மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து மூச்சு வாங்குவதும், உணவை மறுப்பதும், ஓரிரு நாட்களில் இறப்பதும் இதனாலேயே.

தொடக்க முயற்சிகள்

கடலுயிர்களைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் பிரான்சில் பிறந்த சீன் வில்பிரூ-பவர் என்ற பெண்மணி. இவர் 1832-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து, ஆர்கோனாட் எனப்படும் ஓடுடைய எண்காலி உயிரினத்தை ஆராய்ந்தார்.

1846-இல் அன்னா தின் என்பவர் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். கடல்நீர் தட்டுப்பட்டபோது, அவருடைய பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றி ஆற்றுவது வழக்கமாயிற்று. நீரில் காற்று கலக்க வேண்டும் என்பது அப்போதே உணரப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டில் கடற்பாசிகளும் சேர்க்கப்பட்டன. பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தன.

1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்கையியலாளர் பிலிப் என்றி கோசு வெளியிட்ட நூல், 'அக்குவேரியம்' என்ற சொல்லை எங்கும் பரப்பியது. நடுத்தர வகுப்பினர் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைகளுக்குச் சென்று கடற்சாமந்திகளையும் நண்டுகளையும் அள்ளிவந்தனர். அவற்றுள் பல வீடுகளில் விரைவில் மடிந்தன; 1860-களின் இறுதியில் இந்த மோகமும் தணிந்தது. ஒரு காலத்தில் உயிர்கள் நிறைந்திருந்த பாறைக் குட்டைகள் வெறுமையானதை, கோசின் மகன் எட்மண்ட் கோசு 1907-இல் வெளியான தம் நூலில் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார்.

தந்தையும் மகனும்

வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1849-இல் தங்கமீன்கள், நீர்த்தாவரம், நத்தைகள் ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து ஆராய்ந்து, மறு ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். தாவரம் ஆக்சிசன் தருகிறது, நத்தை அழுகிய இலைகளைத் தின்கிறது, மீன் வாழ்கிறது என்பது அவர் கண்ட சமநிலை. பின்னர் கடல்நீரிலும் இதே ஆய்வைத் தொடர்ந்தார். இக்கருத்து நூறாண்டு காலம் மீன் வளர்ப்போரின் அடிப்படைப் பாடமாக இருந்தது. ஆனால் இதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு இடமில்லை.

அந்த விடுபட்ட பகுதியை நிரப்ப உதவியவர்களுள் ஒருவர் அவருடைய மகனே. 1877-இல் பிரான்சில் சுலோசிங், முன்ட்சு ஆகிய இருவரும் கழிவுநீரிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாவது உயிரினங்களின் செயல் என்று காட்டினர். தந்தையின் பெயரையே கொண்ட இளைய வாரிங்டன், இங்கிலாந்தின் ரோத்தம்சுடெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அதே நிகழ்வை மண்ணில் ஆராய்ந்தார். அது இரு படிகளில், இரு வேறு உயிரிகளால் நடைபெறுகிறது என்று கண்டறிந்தார். அவ்வுயிரிகளை 1890-இல் தனித்துப் பிரித்தவர் உருசிய அறிவியலாளர் செர்கேய் வினோகிராத்சுகி.

இக்கண்டுபிடிப்பு வேளாண்மைக்கும் கழிவுநீர்த் தூய்மைக்கும் விரைவில் பயன்பட்டது. வீட்டு மீன்தொட்டியை அது சென்றடைய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பொதுக் காட்சியகங்கள்

பெரிய காட்சியகங்கள் பட்டறிவால் வழி கண்டன. 1871-இல் திறக்கப்பட்ட இலண்டன் கிரிசுடல் பேலசு காட்சியகத்தில் வில்லியம் ஆல்போர்டு லாயிடு, காட்சித் தொட்டிகளில் உள்ளதைவிடப் பல மடங்கு நீரை இருண்ட நிலவறைத் தேக்கத்தில் வைத்து, இடைவிடாது சுழலச் செய்தார். நீரின் அளவு கூடினால் கழிவின் செறிவு குறையும் என்பதே இதன் பயன்.

சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்சுடன் இதற்கு வித்திட்டார். 1919-இல் மீன்வளத் துறையின் பொறுப்பிற்கு வந்த இது, இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் மூடப்பட்டது.

வீட்டுத் தொட்டிகள்

பழைய தொட்டிகளின் உலோகச் சட்டங்கள் கடல்நீரில் அரித்து நீரையும் கெடுத்தன. 1960-களில் சிலிக்கோன் பசையால் ஒட்டப்பட்ட முழுக் கண்ணாடித் தொட்டிகளும், பொட்டலத்தில் விற்கப்பட்ட செயற்கைக் கடலுப்பும், சரளைக் கற்களுக்கு அடியில் பொருத்தும் வடிப்பான்களும் பரவலாயின. கடலிலிருந்து வெகுதொலைவில் வாழ்வோரும் கடல்மீன் வளர்க்க முடிந்தது. இறப்புகளும் அதே அளவு பெருகின.

1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் தம் எளிய முறையை வெளியிட்டார். பவளத்திட்டிலிருந்து எடுத்த, உயிரிகள் ஒட்டிய கற்களைத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தினார். அக்கற்களிலிருந்த நுண்ணுயிர்களே நீரைத் தூய்மைப்படுத்தின. 1970-இல் வெளியான இசுடீபன் இசுபாட்டேயின் நூல், மூடிய தொட்டிகளில் நைட்ரசன் சுழற்சியை விரிவாக விளக்கிற்று.

2005-இல் எதிர்பாராத ஒரு செய்தி வெளியானது. அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து அம்மோனியாவை மாற்றும் புதிய நுண்ணுயிர் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அது பாக்டீரியா அன்று. ஆர்க்கியா என்னும் வேறு பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபியூமிலசு மாரிட்டிமசு எனப் பெயரிடப்பட்ட இதன் உறவினங்கள் உலகக் கடல்களில் பெருமளவில் வாழ்கின்றன.

பிற காரணங்கள்

புதுத்தொட்டியின் எல்லா இறப்பும் அம்மோனியாவால் நிகழ்வதில்லை. தனித்து வைத்துக் கவனிக்காமல் விடப்படும் மீன்கள் வெண்புள்ளி நோயையும் செவுள் ஒட்டுண்ணிகளையும் கொண்டுவரும். பிலிப்பீன்சில் 1960-களில் தொடங்கிய சயனைடு முறையால் பிடிக்கப்பட்ட மீன்கள், நல்ல நீரிலும் சில நாட்களில் இறப்பதுண்டு. இம்முறை பவளங்களையும் அழிக்கிறது.

இன்றைய நடைமுறை

மீன் இல்லாத தொட்டியில் சிறிதளவு அம்மோனியாவைச் சேர்த்து நுண்ணுயிர்களை வளரவிடுவதே இன்று பரிந்துரைக்கப்படுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியத்திற்கு இறங்கி, நைட்ரேட்டு தோன்றிய பிறகே மீன்கள், அதுவும் ஒன்றிரண்டாக, விடப்படுகின்றன. வலிய டாம்செல் மீன்களை முதலில் விட்டுத் தொட்டியைப் பழக்கும் பழைய வழக்கம் அவற்றைத் துன்புறுத்துவதாகக் கைவிடப்பட்டு வருகிறது.

இந்தியாவில் கற்பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகின்றன. ஆகவே மன்னார் வளைகுடாவிலிருந்து பவளம் எடுத்துத் தொட்டியில் வைப்பது குற்றமாகும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்கள் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த இத்தகைய மீன்கள் தொட்டி வாழ்வைத் தாங்கும் திறன் மிக்கவை. ஆயினும் பக்குவமடையாத நீரில் அவையும் பிழைப்பதில்லை.