எண்ணப்பட்டோரும் பெயர் கேட்கப்பட்டோரும்: நாவுலப் பகுதியை முன்வைத்துக் குடிசன மதிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

முன்னோர் யாவர், அவர் எத்தொழில் புரிந்தனர், எக்குடும்பங்களோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர் என்னும் வினாக்களை ஆராயும் வாய்ப்பு நெடுங்காலம் நிலமுடைய குடும்பங்களுக்கே இருந்தது. அரசர் வழங்கிய சன்னசுகளும் காணி உறுதிகளும் வம்சாவளி ஏடுகளும் அவர்தம் கையிலேயே இருந்தன. உழைத்து வாழ்ந்தோரின் பாட்டன், பூட்டன் பற்றி எழுத்தில் ஏதேனும் எஞ்சியிருப்பின், அது பெரும்பாலும் அரசு தன் தேவைக்காக எடுத்த கணக்குகளிலேயே காணப்படும். அக்கணக்குகளுள் தலையாயது குடிசன மதிப்பு. குடும்ப வரலாற்றுக்கு அது எவ்வளவு தூரம் துணை நிற்கும், எவ்விடத்தில் கைவிடும் என்பதை நாவுலப் பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பெருவீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாவுல அமைந்துள்ளது. கண்டியரசு காலத்தில் மாத்தளைத் திசாவனிக்கு உட்பட்டிருந்த இப்பகுதியில் வயலையும் சேனையையும் நம்பிய சிங்களக் கிராமங்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்ற தென்னிந்தியத் தொழிலாளரும் தம்புள்ளை, நாலந்தா வழியாகவே சென்றனர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. ஆயினும் வடக்கிலிருந்து நடந்து வந்தோர்க்கு அது பயணத்தின் முடிவிலேயே கிட்டிற்று. இவ்வாறு நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடிகளும், நிலமின்றி உழைப்பை மட்டும் சுமந்து வந்த கூலிகளும் ஒரே வீதியில் எதிர்ப்படுவதைக் காண்கிறோம். இவ்விரு சாராரைப் பற்றியும் அரசு எழுதி வைத்தவை ஒரே தன்மையுடையன அல்ல.

இலங்கையில் 1824இல் எடுக்கப்பட்ட குடித்தொகைக் கணக்கு 1827இல் வெளியாயிற்று. எனினும் நவீன முறையிலான முதலாவது குடிசன மதிப்பு 1871 மார்ச் 27ஆம் நாள் நடைபெற்றதாகும். அன்று தீவின் குடித்தொகை 2,400,380. பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை 1921 வரை இம்மதிப்பு ஒழுங்காக இடம்பெற்றது. 1901ஆம் ஆண்டு மதிப்பைப் பொன்னம்பலம் அருணாசலமும், 1911ஆம் ஆண்டு மதிப்பை டென்ஹாமும் நடத்தினர். 1931இல் பொருளாதார மந்தம் காரணமாக மதிப்பு சுருக்கமாகவே எடுக்கப்பட்டது. 1941இல் நிகழவேண்டியது போரினால் 1946க்குப் பின்தள்ளப்பட்டது. இவ்விடைவெளியின் முக்கியத்துவம் பின்னர் புலனாகும்.

குடிசன மதிப்பைத் தேடிச் செல்வோர் முதலில் உணரவேண்டியது ஒன்றுண்டு. அச்சில் வெளிவந்த தொகுதிகளில் தனிமனிதரின் பெயர் இல்லை. பிரித்தானியாவில் 1921ஆம் ஆண்டு மதிப்பின் குடும்பப் படிவங்கள் நூறாண்டு கழிந்தபின் 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அங்கு ஒருவர் தம் பாட்டனாரின் பெயரையும் தொழிலையும் ஒரே தாளில் காணலாம். நமக்கு வந்து சேர்ந்தவையோ கூட்டுத்தொகைகளே. ஊர், இனம், சமயம், பால், வயது, தொழில் எனப் பகுக்கப்பட்ட அட்டவணைகள் பாட்டனாரைக் காட்டமாட்டா. அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தையே காட்டும். அவ்விடத்தில் அவரை நிறுத்த வேறு ஆவணங்கள் வேண்டும்.

கிராமத்தவரைப் பொறுத்தவரை அத்தகைய ஆவணங்கள் ஓரளவு உள்ளன. கண்டியில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றிய லோரி, மத்திய மாகாணத்து ஊர்களைப் பற்றி 1896இலும் 1898இலும் இரு தொகுதிகளை வெளியிட்டார். மாத்தளைப் பகுதிக் கிராமங்களும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஊரின் குடித்தொகை, அங்கு வாழ்ந்த சாதியினர், பழைய குடும்பங்கள், சன்னசுகள் ஆகியவற்றை அவர் ஊர்தோறும் குறித்துள்ளார். அதற்கு முற்பட்ட நிலையை அறியக் கண்டியரசின் லேகம் மிட்டிகள் உதவும். இன்னாருக்கு இன்ன நிலம், அதற்கு ஈடாக இன்ன சேவை என்பதே அவற்றின் அமைப்பு. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்படும் வரை தொழில் என்பது கூலிக்குச் செய்யும் வேலையன்று. நிலத்தோடு வந்த கடமையாகும். ஆகவே லேகம் மிட்டியில் காணும் சேவையையும் 1871இன் தொழில் நிரலையும் ஒன்றெனக் கொள்வது தவறு. இரண்டுக்கும் இடையே உற்பத்தி உறவுகளே மாறிவிட்டன.

குடும்பத் தொடர்பை அறிய மணப்பதிவேடுகள் பயன்படும். கண்டிய மணங்களைப் பதியும் சட்டம் 1859இல் இயற்றப்பட்டது. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மணம் தீகவா, பின்னவா என்பதும் பதியப்பட்டது. தீக மணத்தில் பெண் கணவன் வீடு செல்வாள். பின்ன மணத்தில் கணவன் பெண்வீட்டில் வந்து வாழ்வான். இவ்வொரு சொல்லே காணி எவ்வழி இறங்கிற்று என்பதைச் சொல்லிவிடும். சிங்களக் குடும்பங்களின் வாசகமப் பெயர் தலைமுறை தாண்டி நிலைப்பதும் ஆய்வாளனுக்கு உதவியாகும். தமிழரிடையே தந்தை பெயர் முன்வர, பாட்டன் பெயர் மறைந்துவிடுகின்றது. மூன்றாம் தலைமுறையில் இழை அறுந்துபோகும்.

இனித் தொழில் நிரலை எவ்வாறு வாசிப்பது என்பதை நோக்குவோம். நாவுல போன்ற வரண்ட பகுதியில் ஒரு குடியானவன் மழைக்காலத்தில் வயல் உழுவான், பின்னர் சேனை வெட்டுவான், இடையில் வண்டியோட்டுவான். படிவமோ பிரதான தொழிலாக ஒன்றையே ஏற்கும். அவனோடு சேனையில் களை பிடுங்கிய மனைவி பெரும்பாலும் தொழிலற்றவளாகவே கணிக்கப்படுவாள். தோட்டத்திலோ நிலைமை வேறு. அங்குள்ள பெண்ணின் பெயர் செக்ரோலில் இருந்தமையால் அவள் தொழிலாளியாகவே எண்ணப்பட்டாள். எனவே ஊர்ப்பெண் உழைக்கவில்லை, தோட்டப்பெண் உழைத்தாள் என்று முடிவுகொள்ளலாகாது. ஒருத்தியின் உழைப்புக்குக் கூலி கொடுக்கப்பட்டது. மற்றவளின் உழைப்புக்குக் கொடுக்கப்படவில்லை. நிரல் காட்டுவது இவ்வேறுபாட்டையே ஆகும்.

இனப் பகுப்பும் இவ்வாறே நோக்கற்பாலது. 1901இல் தமிழர் ஒரே தொகையாக, 951,740 பேர் என எண்ணப்பட்டனர். 1911இல் இலங்கைத் தமிழர் 528,024, இந்தியத் தமிழர் 530,983 என இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 1901இல் தமிழராக இருந்த ஒரு தோட்டத் தொழிலாளி, அதே லயத்தில் அதே காம்பராவில் இருந்தபடியே 1911இல் இந்தியத் தமிழரானார். அவர் இடம்பெயரவில்லை, நிரலே இடம்பெயர்ந்தது.

இவ்விடத்திலேயே கணக்கு வாழ்க்கைப் பிரச்சினையாக மாறுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தம் தந்தை இங்கு பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையை நிறுவவேண்டும் என விதித்தது. பூட்டன் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு முறையே உறுதி பெற்றிருக்கவில்லை; அதற்கான சட்டம் 1867இலேயே வந்தது. தோட்டங்களில் பல மணங்கள் வழக்கப்படி நிகழ்ந்து பதிவின்றிப் போயின. 1921க்கும் 1946க்கும் இடையே விரிவான மதிப்பும் இல்லை. பத்தாண்டுக்கொருமுறை இம்மக்களைத் தொழிற்படையாக எண்ணி அட்டவணையிட்ட அரசு, இப்போது ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டது. தான் எண்ணியதைச் சான்றாகத் தரவுமில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் சுமார் 824,000 பேருக்காக விண்ணப்பங்கள் கையளிக்கப்பட்டன. அவர்களுள் சுமார் 134,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர். எஞ்சியோரின் கதி 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் மேலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. முன்னோரைத் தேடுதல் பலருக்கு ஓய்வுநேர ஆர்வமாக இருக்கலாம். மலையக மக்களுக்கு அது வாழும் உரிமைக்கான வழக்காக இருந்தது.

நாவுலப் பகுதியில் இத்தேடலுக்கு இன்னுமொரு தடையுண்டு. பழைய பட்டியலிலுள்ள ஊர்களை இன்றைய எல்லைகளுக்குள் அப்படியே காணமுடியாது. நிருவாகப் பிரிவுகள் மாறியுள்ளன, நிலமும் மாறியுள்ளது. போவத்தன்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு நாலந்தா கெடிகே என்னும் கற்கோயிலே கல்கல்லாகப் பெயர்க்கப்பட்டு உயர்ந்த நிலத்தில் மீள எழுப்பப்பட்டது. கோயிலைப் பெயர்த்தெடுத்து வைக்கலாம். கலைந்த ஊரின் நினைவை அவ்வாறு எடுத்துவைத்தல் எளிதன்று.

ஆதலின் குடிசன மதிப்பை முடிவாகக் கொள்ளாது தொடக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். முதலில் ஊரையும் ஆண்டையும் அட்டவணையில் வரையறுத்துக்கொள்ளலாம். அடுத்துப் பிறப்பு, மணப் பதிவேடுகளில் தந்தையின் பெயரையும் தொழிலையும் தேடலாம். தோட்டத்தவராயின் செக்ரோல், துண்டு, பிரசாவுரிமை விண்ணப்பப் பிரதி என வீட்டுத் தகரப்பெட்டியில் எஞ்சியுள்ளவற்றைச் சேர்க்கவேண்டும். முதியோர் வாய்மொழியை இவற்றோடு ஒப்புநோக்க வேண்டும். மாத்தளைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் இம்முயற்சியை மாணவர் குழுக்கள் மேற்கொள்ளலாம். அட்டவணையில் ஓர் இலக்கமாக நிற்பவருக்கு அவர் பெயரை மீட்டுக்கொடுக்கும் பணி, அவ்விலக்கத்தை எழுதியவர்கள் செய்யாது விட்ட பணியாகும்.