நாலாவது எலெக்ட்ரான்

பென்சில் சீவும்போதெல்லாம் எனக்கு வத்திராயிருப்புக்காரர் ஒருவரின் ஞாபகம் வரும். 1898-இல் அவ்வூரில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே. எஸ். கிருஷ்ணன்தான் அவர். 1928-இல் ராமனுக்குத் துணை நின்றவர் என்று சொல்லிவிட்டு அவரை நாம் மறந்துவிடுகிறோம். இது நியாயமா?

பென்சிலுக்குள் இருப்பது ஈயமல்ல. களிமண் கலந்த கிராபைட் என்னும் கரி. கரியணுவின் 6 எலெக்ட்ரான்களில் வெளிச்சுற்றில் இருப்பவை 4. வைரத்தில் நான்கும் பக்கத்து அணுக்களோடு பிணைந்து கட்டுண்டு கிடக்கின்றன. கிராபைட்டிலோ மூன்றுக்குத்தான் அந்தக் கட்டு. நாலாவது இருக்கிறதே, அது சித்திரைத் திருவிழாவுக்கு வந்த பிள்ளையைப் போலத் தன் தளம் முழுவதும் ஓடித் திரிகிறது! அடுத்த தளத்துக்குத் தாவுவதுதான் அதற்குப் பெரும் பிரயாசை. ஆகவே தளத்தின் வழியே மின்சாரம் தாராளமாக ஓடும்; குறுக்கே சொற்பந்தான். அந்த வித்தியாசம் எத்தனை பெரியது என்பதை 1939-இல் கங்குலியுடன் சேர்ந்து அளந்து காட்டினார் கிருஷ்ணன்.