போதிதர்மரும் எங்க ஊர் ஆசான்மாரும்

'7ஆம் அறிவு' 2011 தீபாவளிக்கு வந்தது. பல்லவ இளவரசர் போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போய், கொள்ளைநோயைத் தீர்த்து, சண்டைக் கலையும் சொல்லிக்கொடுக்கிறதா முருகதாஸ் எடுத்திருந்தார். சூர்யா கையை வீச, நாம காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டோம். "குங்ஃபூ தமிழன் கொடுத்தது"ங்கற பேச்சு இன்னும் ஓயலை.

கொஞ்சம் பழைய சங்கதியைப் பாப்போம். போதிதர்மரைப் பத்தின மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்சி எழுதினது. அதுல அவர் பாரசீகத் துறவி. தான்லின் எழுதினதுலதான் தென்னிந்திய அரசனின் மூணாவது மகனாக வர்றார். ரெண்டுலயும் காஞ்சியும் இல்லை, குங்ஃபூவும் இல்லை. அவரைச் சண்டைக் கலையோட முடிச்சுப் போட்டது, 17-ம் நூற்றாண்டில் வந்த 'யிஜின் ஜிங்'ங்கற உடற்பயிற்சி நூல். நடுவுல ஆயிரம் வருஷம்!

சரி, நம்ம கையில இருக்கற கலை என்னாச்சு? திற்பரப்பு அருவியில குளிக்க வர்றவங்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் அடிமுறை மண்ணுன்னு தெரியுமோ என்னவோ. இங்கே சண்டையும் வைத்தியமும் ஒரே ஆசான்கிட்ட. வர்மம் 108, அதுல படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிக்கக் கத்துக்கிட்டவன், அடிபட்டவனை இளக்கி எழுப்பவும் கத்துக்கணும். 2020-ல தனுஷின் 'பட்டாஸ்' வந்த பிறகுதான் பலபேர் அடிமுறைங்கற பேரையே கேட்டாங்க.

வர்மம் தப்பான கையில போனா உயிர்போகும்னு, நம்பின சீடனுக்கு மட்டும்தான் ஆசான் சொல்வார். நியாயம்தான். ஆனா அப்படி ஒரு சீடன் அமையலைன்னா? ஆசானோட அதுவும் போச்சு. புரூஸ் லீயின் குரு இப் மேன் 1950-ல ஹாங்காங்கில் பிழைப்புக்காகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சவர். 1972-ல இறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தன் அடவுகளைப் படம் பிடிக்க வச்சார். 2008-ல அவர் பேர்லயே சினிமா வந்தது. அந்தச் சினிமாவில் கற்பனை ஏராளம். ஆனா அவர் பிடிச்சு வச்ச அடவு நிசம்.

என் எண்ணம் இதுதான் மக்களே. குங்ஃபூவுக்குத் தமிழ் அப்பன் தேட வேண்டாம். அடிமுறைக்குத்தான் பிள்ளைங்க வேணும். உங்க ஊர்ல வயசான ஆசான் யாராவது இருந்தா ஒரு நடை போய்ப் பாருங்க. அவர் சம்மதிக்கற அளவுக்காவது எழுதி வையுங்க.