பல்வயது இல்லக்கல்வி: பாடங்களைப் பகுக்கும் முறை

1. வரையறை

ஒரே வீட்டில் வளரும், வயதால் வேறுபட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு மாற்றாகப் பெற்றோரே முறைப்படக் கற்பிப்பதை 'பல்வயது இல்லக்கல்வி' என இங்கு வழங்குவோம். மாலையில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதும் விடுமுறைப் பயிற்சியும் இதில் அடங்கா. ஓராசிரியர் பள்ளிக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு. ஆயினும் அங்கே ஒவ்வொரு நிலையிலும் சிலர் இருப்பர். இங்கு ஒரு நிலைக்கு ஒரே மாணவர். ஆய்வின் எளிமை கருதி 6, 10, 14 வயதுடைய மூவரைக் கொண்ட குடும்பத்தை மாதிரியாகக் கொள்கிறோம்.

இத்தகைய குடும்பங்கள் பலவும் பள்ளியின் காலஅட்டவணையை அப்படியே வீட்டில் நடத்தத்தான் முதலில் முயல்கின்றன. மூவருக்கும் ஐந்து பாடம் என்றால் நாளொன்றுக்கு 15 பாடவேளை. கற்பிப்பவரோ ஒருவர், பெரும்பாலும் தாய். சமையலும் அவர் பொறுப்பே என்பதைக் கல்வி நூல்கள் எழுதுவதில்லை. வயதுவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்ததே இச்சிக்கலின் காரணம். முதலில் பிரிக்க வேண்டியவை பாடங்கள் என்பதே நம் துணிபு.

2. பாடங்களின் இருவகை

முந்தைய படி கைவராமல் அடுத்த படி ஏற இயலாத பாடம் 'தொடர்நிலைப் பாடம்'. வகுத்தல் அறியாதவருக்குப் பின்னம் விளங்காது. உயிர்மெய் வரிசை பழகாதவர் வாசிக்க முடியாது. கணக்கு, எழுத்தறிவு, இலக்கணம், இசைக்கருவிப் பயிற்சி ஆகியன இவ்வகை.

எவ்விடத்தில் தொடங்கினும் அவரவர் அறிவுக்கேற்பப் பொருள் தருவது 'பொதுநிலைப் பாடம்'. வரலாறு, நிலவியல், கதை கேட்டல், இயற்கையை உற்றுநோக்கல், ஓவியம் ஆகியன இதன்பாற்படும். மொழி இரண்டிலும் கால் வைத்திருக்கிறது: எழுதப் பழகுதல் தொடர்நிலை, கதை கேட்டல் பொதுநிலை. ஆதலால் 'தமிழ்ப் பாடம்' என ஒரே வேளை ஒதுக்குவது குழப்பத்துக்கே வழி.

பொதுநிலைப் பாடத்தில் உள்ளீடு ஒன்று, மறுமொழி பல. இங்கிலாந்தின் சார்லட் மேசன் 1886-இல் 'இல்லக் கல்வி' என்னும் நூலை வெளியிட்டவர். வாசித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்வதைத் தம் முறையின் நடுவில் வைத்தார். அதனை 'மீளக்கூறல்' எனலாம். 6 வயதினர் வாயால் சொல்வார். 10 வயதினர் ஒரு பத்தி எழுதுவார். 14 வயதினர் காரணம் கேட்டு எழுதுவார். தேர்வுத்தாள் இன்றியே மூவரின் புரிதலும் தெரிந்துவிடும்.

3. ஒரு சான்று: உத்திரமேரூர்

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை (919, 921) ஒரு வாரப் பொதுநிலைப் பாடமாகக் கொள்வோம். ஊரில் 30 குடும்புகள், அதாவது ஊர்ப்பிரிவுகள். வாரியம் என்னும் ஊராட்சிக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஓலையை எடுப்பவன் ஏதும் அறியாச் சிறுவனாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் இதை நடித்துக் காட்டும்போது கடைக்குட்டிக்குக் கிடைக்கும் இடம் தயவால் வந்ததன்று. கல்வெட்டே அவருக்கென வைத்த இடம். இப்படி அமையும் பாடங்களைத் தேடிச் சேர்ப்பது கற்பிப்பவரின் முதற்பணி.

10 வயதினர் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் தகுதிகளைத் திரட்டலாம்: 35-க்கு மேல், 70-க்குள் வயது, கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர் உறவினரும் விலக்கப்பட்டனர் என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. 919-இல் 30 முதல் 60 ஆக இருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டில் ஏன் மாறியது, பிராமணர்களின் சதுர்வேதிமங்கலச் சபையான இதனை மக்களாட்சி எனலாமா, பெண்கள் எங்கே என்பன மூத்தவருக்குரிய வினாக்கள். இளையவர் இவற்றை அருகிருந்து கேட்கிறார். பாதி புரிந்தாலும் வினா எழுப்பும் முறை பழகுகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மான்டிசோரி 3 முதல் 6 வயதினரை ஒரே அறையில் வைத்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

4. மூத்தவர் கற்பித்தலும் அதன் வரம்பும்

நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொன்னதை அறிவோம். சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அம்முறையை 1797-இல் லண்டனில் நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஆசிரியர் செலவைக் குறைத்ததே அது பரவியதற்குப் பெருங்காரணம். மனப்பாடத்துக்கு அப்பால் அது நெடுந்தூரம் செல்லவில்லை.

எனவே இரண்டு கட்டுப்பாடுகள் தேவை. மூத்தவர் தாம் ஐயமறக் கற்றதை மட்டுமே சொல்லித்தரலாம். அவ்வேளை நாளொன்றுக்கு அரைமணியைத் தாண்டலாகாது. அக்காள் என்பதாலேயே சம்பளமில்லா ஆசிரியை ஆகிவிடும் வீடுகள் உண்டு. அதனைக் கல்விமுறை என ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை.

5. நாளின் ஒழுங்கு

காலையில் பொதுநிலைப் பாடம், அனைவரும் ஒருங்கே. பிறகு தொடர்நிலைப் பாடங்கள், ஒருவர் பின் ஒருவராக. கடைக்குட்டிக்கு முதலிடம் தருவதே நன்று: 15 நிமிடத்தில் அவர் தேவை தீரும், காக்க வைத்தால் யாரும் படிக்க முடியாது. ஒருவருக்குப் பாடம் நடக்கையில் மற்றவர் செய்வது 'தற்பணி': உதவியின்றி முடிக்கத்தக்க, முன்பே கற்ற ஒன்றன் பயிற்சி. புதியதைத் தற்பணியாகக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்கொருமுறை 'அம்மா' என்ற குரல் எழும்.

ஈராண்டு இடைவெளிக்குள் பிறந்த உடன்பிறப்புகள் இவ்வொழுங்கில் தனிச்சிக்கல். கணக்கில் தம்பி அண்ணனை முந்துவது அரிதன்று. இருவருக்கும் ஒரே புத்தகம் கொடாமல், வெவ்வேறு வரிசையில் அமைந்த நூல்களைத் தருவது ஒப்பீட்டைத் தணிக்கும்.

14 வயது நிறைந்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் இடைநிலைத் தேர்வை எழுதலாம். அந்த ஆண்டில் மூத்தவரின் பொழுது பாடத்திட்டத்துக்குப் போய்விடும். பொதுநிலைப் பாடத்தில் அவர் வாரம் ஒருமுறை அமர்ந்தால் போதும். அதன்பின் அவ்வேளையின் வினாத் தரத்தை இரண்டாமவரின் வயதுக்கேற்ப அமைத்துக்கொள்ளல் வேண்டும்.