சின்னக் காயம், பெரிய சாட்சி

சாலையோரம் நடந்துபோன கூலிப் பெண்ணைக் கார் உரசித் தள்ளுகிறது. தோள்பட்டை வீங்குகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எலும்பு முறியவில்லை. ஐந்நூறு ரூபாயை நீட்டி, "பெரிய அடி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு வண்டி போய்விடுகிறது. மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு யார் கணக்கு வைப்பது? இந்தக் கேள்விக்குச் சட்டம் சொன்ன பதில்களுக்கு ஒரு வரலாறு உண்டு.

1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் தொடக்க காலத்தில், இழப்பீடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி வழக்கு நடத்த வேண்டும். கூலிக்காரருக்கு அது எட்டாத வாசல். 1956 திருத்தம்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. ஆனாலும் ஓட்டுநரின் தவறை அடிபட்டவரே நிரூபிக்க வேண்டும் என்ற சுமை இறங்கவில்லை. 1980இல் என்.கே.வி. பிரதர்ஸ் என்ற தமிழ்நாட்டுப் பேருந்து நிறுவனத்தின் வழக்கில், அங்கொரு ஐயம் இங்கொரு தெளிவின்மை என்று காரணம் காட்டி வண்டிக்காரர்களைத் தப்பவிடக் கூடாது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர்.

1982இல் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு என்ற ஏற்பாடு வந்தது. யாருக்கு? இறந்தவரின் குடும்பத்துக்கும் நிரந்தரமாக ஊனமுற்றவருக்கும் மட்டும். சின்னக் காயம் வெளியே நின்றது. 1994இல் சேர்த்த அட்டவணை அதற்கும் ஒரு விலை வைத்தது: கொடுங்காயத்தின் வலிக்கு 5,000 ரூபாய், சாதாரணக் காயத்தின் வலிக்கு 1,000 ரூபாய். மருத்துவச் செலவுக்கு ரசீது வேண்டும், அதுவும் 15,000க்கு மேல் கிடையாது. 24 ஆண்டுகள் அப்படியே கிடந்த அட்டவணை 2018இல் மாறி, சிறு காயத்துக்கு 25,000 என்றானது. அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, தவறை நிரூபிக்காமல் பெறும் இழப்பீடு மரணத்துக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும் என்று சுருங்கியது. 1994இல் நீக்கப்பட்ட 6 மாதக் கெடுவும் திரும்பி வந்தது. சாதாரணக் காயக்காரர் மறுபடியும் சாட்சி தேடி அலைய வேண்டும்.

எது சாட்சி? 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகைப்படுத்தியபடி, சாதாரணக் காயத்துக்குப் பொதுவாகக் கிடைப்பவை மூன்று: சிகிச்சைச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, வலிக்கான தொகை. இதில் நம் மக்கள் தோற்பது வருமானத்தில்தான். சம்பளச் சீட்டு தராத முதலாளியிடம் வேலை செய்தவரைப் பார்த்து "சம்பளச் சீட்டு எங்கே?" என்று காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்பார். அமைப்புசாராத் தொழிலாளி ஆவணம் காட்டவில்லை என்பதற்காக அவர் சொல்லும் நியாயமான வருமானத்தைத் தள்ளக் கூடாது என்று 2011இல் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கிலும், 2014இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்பதும் 2011 தீர்ப்புதான்.

ஆனால் தீர்ப்பு தானாக நடந்து காலனிக்கு வராது. காலனிக்காரர் புகார் என்றால் பேனாவைக் கீழே வைக்கும் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் வந்து "பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கும் சாதி உண்டு. கார் யாருடையது, கால் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் தொகை முடிவாகிறது.

அதனால் தோழர்களே, அடி சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கார் இடித்தது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புறநோயாளிச் சீட்டு, மருந்து ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். வலியால் வழக்கமான வேலைக்குப் போகாத நாட்களைக் குறித்து வையுங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 20 நாள் முடங்கினாலே அது கொடுங்காயம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள நியாயச் சட்டத்தில் 15 நாளே போதும்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து யாரும் உட்கார வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அது சலுகை இல்லை, உரிமை. ஐந்நூறு ரூபாயை வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.