தொழில் மாறி வைத்தியம் பயின்றோர்



மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அந்நான்குமாம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் வாழ்வோர் ஐந்தாவதாக இன்னொன்றையும் சேர்த்தெண்ண வேண்டியவர்களாயிருக்கின்றனர். அதுவே கடல். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகியவற்றைப் பெருநிலத்தோடு தெருக்கள் இணைத்துவிட்டன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் வள்ளமே வழி. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்கே அரசாங்க வைத்தியசாலை உண்டு. ஆயினும் நோய் கடுமையாயின் கடல் கடந்தே யாழ்ப்பாணம் போதல் வேண்டும். சோளகக் காற்று வீசும் இரவிலே, பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீண்டதென்பதைத் தீவகத்தார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஊர்களிலே படிப்பிக்கும் எம்போன்றோரிடம் சில இளைஞர் ஒரு வினாவைக் கேட்பதுண்டு. “ஐயா, எனக்கு வயது முப்பதாகிறது, ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ இருக்கின்றேன். இனி வைத்தியம் பயிலலாகுமா?” என்பதே அவ்வினா. இதற்குச் சரித்திரம் தரும் விடையை இன்று ஆராய்வோம்.

பழைய யாழ்ப்பாணத்திலே இவ்வினா எழுவதற்கே இடமிருக்கவில்லை. வைத்தியம் பெரும்பாலும் குலவழியாக வந்தது. தந்தை பரியாரியாராயின் மகனும் பரியாரியார். ஏட்டுச் சுவடியும் கைமுறையும் ஒரே வீட்டில் இருந்தன. தமிழரசர் காலத்தனவாகிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அம்மரபின் ஆழத்தைக் காட்டுவன. அம்மரபு பல உயிர்களைக் காத்தது. எனினும் அவ்வீட்டிற் பிறவாதவனுக்கு அதன் கதவு எளிதில் திறந்ததில்லை.

அக்கதவுக்கு அருகே மற்றொரு வாயிலை அமைத்தவர் தாமும் ஒரு தொழிலை விட்டு வைத்தியத்துக்கு வந்தவரே. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள வூஸ்ரர் நகரிலே பிறந்தவர். இளமையில் நியூயோர்க் நகரத்து மிஷன் சபையொன்றின் காரியாலயத்திலே எழுத்து வேலை பார்த்தார். அவ்வேலையினின்று நீங்கி வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயிலே வைத்தியப் பணியையும் வைத்தியக் கல்வியையும் தொடக்கினார். அரசாங்கம் கொழும்பிலே வைத்தியக் கல்லூரி நிறுவியது 1870இல் என்பதை நினைத்தால், மானிப்பாய் எத்துணை முந்தியது என்பது விளங்கும்.

கிறீன் தொழில் மாறியது இளவயதில். ஆதலால், முப்பது வயதுக்காரரின் வினாவுக்கு அம்மாற்றம் முழுவிடை ஆகாது. அவர் வாழ்விலே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது; நாம் கருத்தூன்ற வேண்டியது அதுவே. தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியருட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் போயினர். கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தன. தாய்நாடு சென்று 1862இல் மீண்டு வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் எண்ணம்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? நாற்பது வயதைக் கடந்த அந்த வைத்தியர் தம் மாணவர் துணையோடு நூலாசிரியரானார். பிரசவ வைத்தியம் 1857இலேயே வெளிவந்திருந்தது. அதன்பின் இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. தக்க தமிழ்ச் சொல்லை முதலில் தேடுவார். கிடையாவிடின் வடசொல்லை நாடுவார். அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைப்பார். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் இப்பணியை விட்டாரல்லர். 1884இல் அவர் மறைந்தார். அவரிடத்தும் அவர் பள்ளியிலும் பயின்ற வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. கொழும்புக் கல்லூரியின் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. உத்தியோகமும் அவ்வழியே சென்றது. அக்கல்லூரி தோன்றிய காரணம் இங்கு எண்ணத்தக்கது. வன்னிக் கிராமங்களிலே பறங்கி நோய் பரவி மக்கள் தொகை அருகுவதை வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் ஆராய்ந்து அறிக்கை செய்தார். அவரே கல்லூரியின் முதல் அதிபருமானார். ஒதுக்குப்புறத்து மக்களின் நோயே ஒரு கல்லூரியை எழுப்பியது. ஆனால் அங்கே கற்றோரெல்லாம் ஒதுக்குப்புறத்துக்குச் செல்லவில்லை.

இனி, நம் இளைஞர் கேட்ட வயதையே உடைய ஒருவரைக் காண்போம். அல்பேட் சுவைட்சர் ஸ்திராஸ்பூர்க் சர்வகலாசாலையிலே சமய விரிவுரையாளர். குருமாணவர் விடுதிக் கல்லூரியொன்றின் அதிபர். ஓர்கன் வாத்தியத்தில் வல்லவர். பாஹ் என்னும் இசைமேதையைப் பற்றி நூல் எழுதியவர். 1905ஆம் ஆண்டிலே, தமது முப்பதாவது வயதில், அவர் வைத்திய மாணவராகச் சேர்ந்தார். நண்பரும் உறவினரும் தடுத்தனர். பெற்ற புகழைப் புதைக்கின்றாய் என்றனர். அவர் கேட்டாரல்லர். படிப்பும் பயிற்சியும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளை விழுங்கின. பரீட்சைக் கட்டணத்தைக்கூட இசை விழாவொன்றில் ஓர்கன் வாசித்துத் தேடினார். 1913இல் மத்திய ஆபிரிக்காவிலுள்ள லம்பரீனி என்னுமிடத்துக்குச் சென்று, கோழிக்கூடாயிருந்த கொட்டிலிலே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அங்கும் நோயாளர் தோணியிலேயே வந்தனர். கடலுக்குப் பதிலாக ஒகோவே ஆறு. 1952ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

ஆகவே, முப்பது வயதில் வைத்தியம் பயிலலாம் என்பதற்குச் சுவைட்சர் சான்று. எனினும் ஒரு வேற்றுமையை மறைத்தலாகாது. அவர் ஆபிரிக்கரை வைத்தியராக்கும் பள்ளி எதனையும் நிறுவவில்லை. கிறீனோ, தாம் நுழைந்த வாயிலைப் பிறருக்கும் திறந்துவைத்தார். ஒருவன் தொழில் மாறுவது அவன் மனத்திண்மை. அவனைத் தொடர்ந்து பலர் வர வழிசெய்வதே ஓர் ஊருக்குக் காப்பு.

இன்று நம் நாட்டிலே அவ்வாயில் எந்நிலையில் உளது? 1978இல் யாழ்ப்பாணத்திலேயே வைத்திய பீடம் தொடங்கப்பெற்றது பெரும்பேறு. ஆனால் அரசாங்க வைத்திய பீடத்துட் புகும் வழி க. பொ. த. உயர்தரப் பரீட்சை ஒன்றே. சர்வகலாசாலை அனுமதி வேண்டுவோர் அதற்கு மூன்று தடவைகள் மட்டுமே தோற்றலாம். இருபது வயதையொட்டித் தவறவிட்டவனுக்கு முப்பது வயதில் அவ்வழி இல்லை. வெளிநாடு சென்று கற்று வந்து பதிவுக்கான பரீட்சையில் தேறலாம். அதற்கு வேண்டிய பணம் தீவகத்துக் குடும்பங்களிற் சிலவற்றுக்கே உண்டு. பழைய கதவைக் குலம் காத்தது. இன்றைய கதவை வயது காக்கின்றது.

பரீட்சை வேண்டாமென்று நான் கூறவில்லை. தகுதியில்லாதவன் கையிலே உயிரை ஒப்படைத்தலாகாது. ஆயினும், தீவகத்திலே பல்லாண்டு சேவை செய்தவரும், திரும்பவும் அங்கேயே பணிசெய்ய உடன்படுபவருமான வயது வந்தோர்க்குத் தகுதி கண்டு சில இடங்களை ஒதுக்குவது ஆராயத்தக்கது. கடலின் குணம் அறிந்தவன் கடலுக்கு அஞ்சி இடமாற்றம் கேளான். அதற்கு முன் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. விஞ்ஞான ஆசிரியர் நிலைத்திராத பாடசாலையிலிருந்து வைத்தியர் தோன்றுவதெங்ஙனம்? தீவுப் பாடசாலைக்கு அனுப்பப்படும் ஆசிரியர் அங்கே தங்குவாராயின், நாளைய வைத்தியருக்கு இன்றே வழி திறந்தவராவார்.

வினவிய இளைஞருக்கும் ஒரு சொல். வள்ளுவர் கூறிய நான்கனுள் வைத்தியன் ஒரு கூறே. அருகிருந்து உதவுபவனும் ஒரு கூறு. சுவைட்சரின் துணைவியார் எலேன் அம்மையார், கணவரோடு பணிபுரியும் பொருட்டு, வயது வந்தபின் தாதியர் பயிற்சி பெற்றே ஆபிரிக்கா சென்றார். முதலுதவி கற்றவன் ஒருவன் வள்ளத்திலே நோயாளியின் அருகில் இருப்பானாயின், அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் உயிர் தப்பவுங்கூடும். வைத்தியராக முடியாதென்று அறிந்த பின்னரும் இவ்வழி திறந்தே இருக்கின்றது. அதற்கு வயதெல்லை இல்லை.